பதினேழு முறை திரும்பி வந்தவர்

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு அருகே ஒரு தெருவில் அந்தப் பெரியவர் வசித்து வருகிறார். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் அவரை ‘வாத்தியார் ஐயா’ என்றே அழைப்பர். விடியலில் நீராடித் திருமண் தரித்து, பெருமாளையும் எம்பெருமானாரையும் சேவித்து வந்த பின்னரே காபி அருந்துவது அவருடைய நெடுநாளைய நியமம்.

பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவி கடும் நோயுற்றுப் பிழைத்து எழுந்தார். மருத்துவர்களே கைவிரித்த ஓரிரவில், வாசல் திண்ணையில் அமர்ந்தபடி அவர் ஒரு பிரார்த்தனை செய்துகொண்டார். மனைவி கண் விழித்தால், தொடர்ந்து 12 புரட்டாசிகள் திருமலைக்கு நடந்தே வந்து சேவிப்பதாக வேங்கடவனிடம் நேர்ந்துகொண்டார். அம்மையார் பிழைத்தார். இவரும் 11 ஆண்டுகள் தவறாமல் நடந்தார். பன்னிரண்டாம் ஆண்டில், 68 வயதில், பாதி வழிக்கு மேல் கடந்துவிட்ட நிலையில், மலையைக் கண்ணால் காணாமலே திரும்ப நேர்ந்தது.

அவர் பிறந்து வளர்ந்த மண் இன்று பெரிதும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் புளியஞ்சாலையுமாக இருந்த பகுதி அது. 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழுந்தது. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, கைபேசி என ஆலைகள் வரிசையாக வந்து அமர்ந்தன. ஷிப்ட் மாறும் நேரங்களில் கம்பெனிப் பேருந்துகள் அணிவகுத்துச் செல்லும். இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும். அந்தச் சாலைகளின் ஓரமாகத்தான் மஞ்சள் ஆடை உடுத்திய அடியார்கள் ஆண்டுதோறும் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு நடந்து போகிறார்கள்.

பெரியவருடைய மகன் ஒரகடத்து ஆலை ஒன்றில் பொறியாளர். அவருக்கும் கால்களில் ஒரு விரதம் உண்டு; அது ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் உடன் பணிபுரியும் நண்பர்களோடு அகன்ற ஆலைச் சாலைகளில் ஓடிப் பழகுவார். ஓட்டம் முடிந்ததும் ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டைக்குச் சென்று, ஏழடி உயர நெடுமேனியனாக நிற்கும் முருகப்பெருமானைத் தரிசித்துவிட்டு வீடு திரும்புவார். ஜனவரியில் சென்னையில் நடைபெறும் மராத்தானில் 42 கிலோமீட்டர் ஓடி முடித்துப் பதக்கமும் பெற்றிருக்கிறார்.

“நீ ஓடுவது பதக்கத்துக்கு, நான் நடப்பது பெருமாளுக்கு” என்று தந்தை சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. ஆயினும் ஒரு விஷயத்தில் இருவரும் ஒருவரே. உடம்பு முணுமுணுத்தால் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இருவருடைய கொள்கையும். வலி வந்தால் மாத்திரை. மாத்திரைக்குப் பின் மறுபடியும் சாலை.

அந்த ஆண்டுப் புரட்டாசியில் வெயில் சித்திரையை நினைவூட்டியது. புதன்கிழமை விடியலில் கோஷ்டி புறப்பட்டது. அன்றிரவு திருவள்ளூரில் தங்கினர். அங்கே கோயில் கொண்டுள்ள வீரராகவப் பெருமாளுக்கு ‘வைத்திய வீரராகவர்’ என்றொரு திருநாமம் உண்டு. தீராத பிணி தீர்ப்பவர் என்று அன்பர்கள் நாடி வருவார்கள். அந்த வைத்தியனின் சந்நிதியில் கைகூப்பி நின்றபோது பெரியவரின் இடுப்பு முடிச்சில் முழங்கால் வலிக்கான மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததன்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக விழுங்கி வந்தார். இரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் உண்ணும் மாத்திரையோ, சிறுநீரைச் சற்று அதிகமாகப் பிரியச் செய்யும் வகை.

தண்ணீரை அவர் மிகக் குறைத்தே குடித்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சாலையோரத்தில் ஒதுங்க இடமில்லை. கூட்டத்தில் பெண்களும் இருந்தனர். மானத்துக்கு அஞ்சி நாவை வறளவிட்டார். முதியோர் பலர் யாத்திரையில் இவ்வாறுதான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு திருத்தணியில் தங்கியபோது, இடப்பக்க வயிற்றில் சுருட்டிப் பிடித்தாற்போல் ஒரு வலி எழுந்தது. உடனே மலம் கழிக்க வேண்டும் என்ற அவசரம். சென்று பார்த்தால் இரத்தம். பெரியவர் திடுக்கிட்டார். ஆனால், சூட்டினால் மூலம் கண்டிருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். கோஷ்டித் தலைவரிடம் சொன்னால் வண்டியேற்றி அனுப்பிவிடுவார். இன்னும் ஒன்றரை நாள் நடந்தால் அலிபிரி. அதன்பின் 3,550 படிகள். 12 ஆண்டு நேர்த்தி நிறைவுபெறும். சொல்லாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வழக்கம்போல் உபவாசம். வெறும் வயிற்றில் இன்னொரு வலி மாத்திரையை விழுங்கிவிட்டு நடந்தார். நகரிக்குச் சற்று முன், வெயில் உச்சிக்கு ஏறிய வேளையில், கண்கள் இருண்டு சாலையோரத்தில் சரிந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த இளைஞன் ஓடிவந்து தாங்கினான். ஒரகடத்து ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியான அவன், நான்கு நாள் விடுப்பில் முதன்முறையாக யாத்திரைக்கு வந்தவன். மஞ்சள் வேட்டியில் படிந்திருந்த கறையை முதலில் கண்டவனும் அவனே.

“ஐயா, இது எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டான்.

பெரியவர் பதில் சொல்லாமல் மலையிருக்கும் திசையைப் பார்த்தார். இளைஞன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தன் துண்டை விரித்து நிழல் செய்துகொண்டே 108க்குத் தொலைபேசியில் அழைத்தான்.

அருகிலிருந்த மருத்துவமனையில் நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். இரவு ஷிப்ட் முடித்து உறங்கிக்கொண்டிருந்த மகன் செய்தி கேட்டுக் காரை எடுத்துக்கொண்டு விரைந்தார். அன்றிரவே சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் குழாய்க் கருவியைச் செலுத்திக் குடலின் உட்புறத்தைக் கண்டார்கள். நோயின் பெயர் இஸ்கீமிக் கொலைட்டிஸ்; போதிய இரத்தம் வந்து சேராமையால் பெருங்குடலின் உட்சுவர் புண்பட்டுப் போதல்.

மருத்துவர் ஓர் அம்மையார். நோயாளி கணக்கு ஆசிரியர் என்பதை அறிந்து, கணக்காகவே விளக்கினார். மனிதன் ஓய்வாக இருக்கும்போது, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வயிற்றுக்கும் குடலுக்கும் ஈரலுக்கும் செல்கிறது. உடல் கடுமையாக உழைக்கத் தொடங்கினால், கால் தசைகள் அதிக இரத்தம் கேட்கின்றன. வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலும் கேட்கிறது. எங்கிருந்து கொடுப்பது? வயிற்றின் பங்கைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். மிகக் கடுமையான உழைப்பில் அந்தப் பங்கு 80 விழுக்காடு வரை குறைந்துவிடக்கூடும்.

“உங்கள் ஊரில் ஏரிப் பாசனம் உண்டல்லவா, ஐயா? ஏரியில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும்?” என்று மருத்துவர் கேட்டார்.

“கடைமடை வயல்தான் அம்மா.”

“பெருங்குடலுக்கும் கடைமடை இருக்கிறது. இரண்டு பெரிய இரத்தக் குழாய்கள் அதற்கு நீர் பாய்ச்சுகின்றன. இரண்டின் பாசனமும் முடியும் இடம், இடப்பக்க விலாவுக்குக் கீழே குடல் வளைந்து திரும்பும் மூலை. வரத்துக் குறைந்தால் அந்த மூலைதான் முதலில் வாடும். உங்களுக்குப் புண்பட்டிருப்பதும் அங்கேதான்.”

பிறகு அவர் காரணங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் காட்டினார். வயது ஒன்று. நான்கு நாள் வெயில் இரண்டு. தண்ணீர் குடியாமை மூன்று. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை நான்கு. வெறும் வயிற்றில் உண்ட வலி மாத்திரை ஐந்து. அத்தகைய மாத்திரைகள் வலியை உண்டாக்கும் பொருளை அடக்கும்போதே, வயிற்றின் உட்சுவரைக் காத்து அதன் இரத்த ஓட்டத்தைப் பேணும் பொருளையும் சேர்த்தே அடக்கிவிடுகின்றன. “இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் இருந்திருந்தால் நீங்கள் மலையேறியிருப்பீர்கள். ஐந்தும் ஒரே நாளில் கூடிவிட்டன” என்றார்.

மகன் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த நோயின் பெயர் முற்றிலும் புதிதன்று. நெடுந்தூரம் ஓடுபவர்களிடையே வயிற்றுப் பொருமலும் பேதியும் சாதாரணமாகப் பேசப்படுபவை. கண்ணுக்குத் தெரியும்படி குடலிலிருந்து இரத்தம் கசிவது அரிது. அதிலும் குடல் புண்பட்டு மருத்துவமனையில் சேரும் நிலை மிக அரிது. ஆயினும் உலகின் தலைசிறந்த வீரர்களையும் அது விட்டு வைத்ததில்லை. 1969இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஆஸ்திரேலியரான டெரெக் கிளேட்டன் 2 மணி 8 நிமிடம் 33 விநாடியில் மராத்தான் ஓடி உலக சாதனை படைத்தார். அந்தச் சாதனை 12 ஆண்டுகள் நிலைத்தது. ஆனால், ஓட்டம் முடிந்த சில மணி நேரத்தில் அவர் கறுப்பாக வாந்தி எடுத்தார். சிறுநீரில் இரத்தக் கட்டிகள் வெளியேறின. 1996 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தானின் நூறாவது ஓட்டத்தில் ஜெர்மானிய வீராங்கனை உட்டா பிப்பிக், வயிற்று வலியும் பேதியும் வாட்ட, பாதியில் நின்றுவிடலாமா என்று எண்ணியபடியே ஓடி, தொடர்ந்து மூன்றாம் முறையாக வென்றார். அவருக்கு நேர்ந்ததும் இந்தப் பெருங்குடல் நோயே என்பது பின்னர் தெரிந்தது.

அந்த வீராங்கனையின் கதையை வீரத்துக்கு எடுத்துக்காட்டாக மகன் நண்பர்களிடம் பலமுறை சொல்லியதுண்டு. அன்று மருத்துவமனையில் அதே கதை வேறு விதமாகத் தோன்றியது. ஓட்டத்துக்கு முன் முன்னெச்சரிக்கையாக ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கும் இருந்தது. முழங்கால் மாத்திரையின் பெயரைத் தந்தைக்கு முதலில் சொன்னவரும் அவரே.

பெரியவருடைய நல்லூழ், குடல் முழுவதுமாகக் கெட்டுவிடவில்லை. சில நாட்கள் வாய்வழி உணவின்றிக் குடலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நரம்பு வழியாக நீரும் மருந்தும் சென்றன. இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இவ்வளவிலேயே தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் குடலின் ஒரு பகுதி உயிரற்றுப் போய், அறுவை செய்து அகற்ற நேரிடும். “இன்னும் ஒரு நாள் மறைத்து நடந்திருந்தால் நான் உங்களோடு இப்படி ஏரிக் கதை பேசிக்கொண்டிருக்க முடியாது” என்று மருத்துவர் சொன்னபோது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

உடல் தேறியது, மனம் தேறவில்லை. வீடு திரும்பிய பெரியவர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாசலில் நாற்காலியில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி லேசாக இருமினாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். நேர்த்தி முறிந்துவிட்டது, கொடுத்த உயிரைப் பெருமாள் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்ற அச்சம் அவரை அரித்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால், அம்மையாருக்கு அது தெரியாமல் இல்லை.

ஒருநாள் இரவு கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மையார் கேட்டார்: “நான் பிழைக்க வேண்டும் என்றுதானே நேர்ந்துகொண்டீர்கள்? பிழைத்தவளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதற்காகவா நேர்ந்துகொண்டீர்கள்? இரத்தம் கண்ட இரவில் ஒரு வார்த்தை எனக்குப் போன் செய்து சொல்லத் தோன்றவில்லையே!”

பெரியவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் மெல்ல எழுந்து, மகனுடைய கையைப் பற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

ஸ்ரீபெரும்புதூர், உடையவர் அவதரித்த தலம். 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் தோன்றி 120 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய மூன்று திருமேனிகளில், இங்கே எழுந்தருளியிருப்பது ‘தானுகந்த திருமேனி’. அவரே உகந்து தழுவித் தம் ஆற்றலை அளித்த விக்கிரகம் என்று பெரியோர் கூறுவர். அதை உயிருள்ள உடலாகவே பாவித்துக் குளிர்காலத்தில் வெந்நீரால் திருமஞ்சனம் செய்து, கம்பளி போர்த்துவது இக்கோயிலின் வழக்கம்.

சேவை முடிந்து கூட்டம் கலைந்தபின், பெரியவர் வயது முதிர்ந்த பட்டர் சுவாமியிடம் நெஞ்சிலிருந்ததைக் கொட்டினார். “சுவாமி, அடியேன் தோற்றுப்போய்த் திரும்பி வந்துவிட்டேன். உடையவர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார். அவர் பிறந்த ஊர்க்காரன் நான். பன்னிரண்டாவது முறை பாதியில் விழுந்துவிட்டேன்.”

பட்டர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: “வாத்தியார் ஐயா, உங்களுக்குக் கணக்கு நன்றாக வரும். 18 முறை போனார் என்கிறீர்கள். அப்படியானால் வெறுங்கையோடு எத்தனை முறை திரும்பி வந்தார்?”

“17 முறை, சுவாமி.”

“திருக்கோட்டியூர் நம்பி 17 முறையும் திருப்பி அனுப்பினார். இவரும் திரும்பி வந்தார். வழியில் பிடிவாதமாக நின்று உடம்பை மாய்த்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்ததற்காக வெட்கப்படவும் இல்லை. நீங்கள் ஒரே ஒரு முறை திரும்பி வந்திருக்கிறீர்கள். அதற்கே கோயில் வாசலை மறந்துவிட்டீர்களே!”

பெரியவருடைய கண்கள் நிறைந்தன. பட்டர் மேலும் சொன்னார்: “உடையவர் காவிரிக்கு நீராடப் போகும்போது முதலியாண்டான் தோளைப் பற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது உறங்காவில்லி தாசர் தோளைப் பற்றிக்கொண்டு வருவார். ஜகதாசாரியருக்கே ஒரு தோள் வேண்டியிருந்தது. நீங்கள் மட்டும் எவர் தோளும் வேண்டாம் என்று வலியை மறைத்து நடந்தீர்கள். உலகமும் உயிர்களும் எல்லாம் எம்பெருமானுக்குச் சரீரம் என்று இந்த ஊரில் பிறந்தவர்தான் உலகத்துக்குச் சொன்னார். அப்படியானால் உங்கள் உடம்பு மட்டும் உங்களுடையதா? இங்கே விக்கிரகத்துக்கு வெந்நீரும் கம்பளியும் கொடுக்கிறோம். அந்தரியாமியாக அவன் வாழும் உடம்புக்கு நான்கு நாள் ஒரு குவளைத் தண்ணீரை நீங்கள் கணக்குப் பார்த்தீர்கள்.”

அதன்பின் நேர்த்தியைப் பற்றிக் கேட்டார். “சரணாகதி என்றால் என்ன? என் முயற்சியால் இல்லை, உன் கருணையால் என்பது. உங்கள் மனைவியைப் பெருமாள் காப்பாற்றியது உங்கள் கால்களுக்குக் கொடுத்த கூலி அன்று. அதனால் கால் ஓய்ந்தது என்று கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் மாட்டான். உடம்பு தேறியதும் மருத்துவர் சொல்லும் விதத்தில் போய்ச் சேவித்து வாருங்கள். வண்டியில் போனாலும் வேங்கடவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான்.”

அந்த மார்கழி கழிந்ததும், மருத்துவரின் ஒப்புதலோடு, பெரியவர் மனைவியுடன் மகனின் காரில் திருமலைக்குச் சென்றார். பிரார்த்தனையின் பன்னிரண்டாம் சேவை அது. நேர்ந்துகொண்டதும் அதனால் பிழைத்ததும் ஆகிய இருவரும் ஒருங்கே நின்று சேவித்தது அதுவே முதல்முறை. முந்தைய 11 ஆண்டுகளிலும் அம்மையார் வீட்டு வாசலில் நின்று வழியனுப்பியதோடு சரி.

மகன் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. ஓட்டத்துக்கு முன் போடும் மாத்திரையை விட்டுவிட்டார். கடும் வெயிலும் உடல்நலக் குறைவும் உள்ள நாளில் தூரத்தைக் குறைத்துக்கொள்கிறார். பாதியில் நின்றுவிட்ட நண்பனைக் கேலி செய்யும் வழக்கம் அந்தக் குழுவில் இப்போது இல்லை.

மறு ஆண்டுப் புரட்டாசியில், திருவள்ளூர் செல்லும் சாலையோரம் கீற்றுப் பந்தல் ஒன்று எழுந்தது. தண்ணீர், நீர்மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவை பானைகளில் இருந்தன. கரைசலின் அளவைப் பெரியவரே அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டிய 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்கு என்று மகன் எடுத்துச் சொல்லியிருந்தார். 2002இல் பாஸ்டனில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு உப்புச் சத்து இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தினிடையே அளவுக்கு மீறி நீர் பருகியதே அதற்கு முக்கியக் காரணம். தாகத்துக்குத் தக்கபடி, அவ்வப்போது சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோயும் இதய, சிறுநீரக நோயும் உள்ளவர்கள் தங்களுக்கான அளவைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பந்தலில் அமர்ந்து பெரியவர் வரும் முதியோரை ஒவ்வொருவராக விசாரிப்பார். “என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? யாத்திரைக்கு முன் மருத்துவரைப் பார்த்தீர்களா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்?” மருத்துவர் எழுதிய மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, எழுதாத வலி மாத்திரையைத் தாமாகப் போடவும் கூடாது. நடையை வெயிலுக்கு முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் சுருட்டும் வலி, மலத்தில் சிவப்பாக இரத்தம், தார்போல் கறுத்த மலம், தலைசுற்றல் இவற்றில் எது கண்டாலும் மூலம் என்று தாமே முடிவு கட்டாமல், அங்கேயே நின்று உடன் வருபவரிடம் சொல்லி, மருத்துவரை நாட வேண்டும். நடப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நடை நன்மையையே தருகிறது. அதையும் அவர் சொல்லத் தவறுவதில்லை. பந்தலுக்குப் பின்புறம் கீற்று மறைப்பும் தண்ணீர்த் தொட்டியுமாக ஒதுங்குமிடம் ஒன்றும் அமைத்திருந்தார். பெண்கள் அதற்காகவே அவரை வாழ்த்திச் சென்றார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளியான அந்த இளைஞன் அவ்வாண்டும் கோஷ்டியில் வந்தான். பெரியவரைக் கண்டதும் காலில் விழப் போனவனை அவர் தடுத்து, அவன் தோளைப் பற்றிக்கொண்டார்.

கோஷ்டியின் கடைசியில் ஒரு முதியவர் தனியே வந்தார். உதடுகள் வெடித்திருந்தன. மோர்க் குவளையை நீட்டியபோது கையை ஆட்டி மறுத்தார். “இன்றைக்குச் சனிக்கிழமை. உபவாசம். மலையேறும் வரை எதுவும் வேண்டாம் என்று நேர்ந்திருக்கிறேன்.”

பெரியவர் வற்புறுத்தவில்லை. கோயிலிலிருந்து காலையில் கொண்டு வந்திருந்த துளசித் தீர்த்தத்தில் சிறிது எடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கலந்தார்.

“இது பெருமாள் தீர்த்தம், ஐயா. மறுக்கலாகாது” என்றார்.

முதியவர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இரு கைகளாலும் சொம்பை வாங்கி, பந்தல் நிழலில் அமர்ந்து, மெல்ல மெல்ல முழுவதையும் பருகினார்.